ஊர் மாறலாம் என்றால் எந்த இடைநிலைப்பள்ளி?

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் டவுனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். இரண்டு வருடத்தில் ஜொகூர் பாருவுக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். மகனைப் படிவம் 1-இல் (இடைநிலைப்பள்ளியின் முதல் வருடம்) எங்கே சேர்ப்பது? டவுன் பள்ளியா, ஈப்போவில் விடுதியுள்ள பள்ளியா?

விடுதியில் சேர்த்தால் நாங்கள் எங்கே போனாலும் அவன் படிப்பு அறுபடாது. ஆனால் 13 வயதுப் பிள்ளை. ஞாயிறு சாயங்காலம் பள்ளிச் சீருடைப் பச்சைக் காற்சட்டையை மடித்துப் பையில் வைக்கும்போது அவன் முகத்தை நினைத்தாலே மனசு கேட்கவில்லை.

டவுன் பள்ளியென்றால் விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். ஆனால் இரவுச் சாப்பாடு வீட்டில். தமிழ்ப்பள்ளியில் கூடப் படித்தவர்களும் அங்கேதான் வருகிறார்கள். இது முக்கியம்: 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால்தான் தமிழ் வகுப்புக்கு வழியுண்டு என்கிறது 1996 கல்விச் சட்டம்.

எப்போது மாற்றுவது? படிவம் 3-இல் எழுதும் பிடி3 தேர்வு 2022-இல் ரத்தாகிவிட்டதால் படிவம் 3 முடிந்ததும் மாறுவதில் பெரிய சிக்கல் இல்லை. படிவம் 4-க்குப் பிறகுதான் சிரமம். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வுக்கு எடுத்த பாடங்கள் புதுப் பள்ளியில் இல்லாமல் போகலாம்.

நான் டவுன் பள்ளிக்கே விண்ணப்பிக்கிறேன். அப்புறம், ஜொகூரில் தமிழ் வகுப்பு உள்ள பள்ளிகளை இப்போதே விசாரிக்கிறேன்.