கான் கடற்கரைக்குப் போகிறீர்களா? பில்லில் இவற்றைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

பிரான்சின் தெற்குக் கரையில் இருக்கும் கான் நகரத்துக்கு அளவான பணத்தோடு குடும்பமாகப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திரைப்பட விழா நடக்கும் ஊர், பனைமரங்கள் வரிசையாக நிற்கும் க்ருவாசெத் கடற்கரைச் சாலை, துறைமுகத்தில் மிதக்கும் மாளிகைகள் மாதிரியான படகுகள். ஊர் உண்மையிலேயே அழகு. ஆனால் சட்டப்படி இலவசமாகக் கிடைக்க வேண்டியதையும், விலைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டியதையும் வெளியூர்க்காரர்களிடம் தனித்தனியாகக் காசாக்கும் இடங்கள் அங்கே இருக்கின்றன. அப்படி ஒரு இடத்தில் எங்களிடம் பிடுங்கினார்கள்.

பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு உணவகம். வெளியே கரும்பலகையில் 'இன்றைய உணவு 24 யூரோ' என்று எழுதியிருந்தது. அதை நம்பித்தான் நான், மனைவி, அம்மா மூன்று பேரும் உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகு, அது தீர்ந்துவிட்டது என்றார் பரிமாறுபவர். அடுத்த நிமிடமே ஒரு தட்டில் முழு மீனைக் கொண்டுவந்து காட்டி, காலையில் பிடித்தது, இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும் என்றார். மனைவி விலை கேட்டாள். மெனுவில் இருக்கிற விலைதான் என்றார். மெனுவில் 9 யூரோ என்று பெரிதாகவும், 100 கிராமுக்கு என்று பொடி எழுத்திலும் போட்டிருந்ததை பில் வந்த பிறகு அவரே விரலால் தொட்டுக் காட்டினார். மீன் 1.1 கிலோ. 99 யூரோ.

தண்ணீர் கேட்டோம். குழாய்த் தண்ணீர் இங்கே தருவதில்லை என்று சொல்லி, இரண்டு பாட்டிலைத் திறந்தே கொண்டுவந்து வைத்தார். 16 யூரோ. நாங்கள் கேட்காமலே வைத்த ரொட்டிக்கும் நாப்கினுக்கும் ஆளுக்கு 3 யூரோ. அம்மாவின் பாஸ்தா 21. மொத்தம் 145.

இதில் எது எது தவறு என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் 1967-இல் வந்த அரசாணைப்படி, சாப்பாட்டு விலையிலேயே ரொட்டி, சாதாரணத் தண்ணீர், உப்பு, மிளகு, தட்டு, நாப்கின் எல்லாம் அடக்கம். இவற்றுக்குத் தனிக் கட்டணம் போடக் கூடாது. இலவசக் குடிநீர் கேட்டு வாங்கலாம் என்பதை மெனுவிலோ பலகையிலோ கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்று 2022-இலிருந்து விதியும் இருக்கிறது. 'கரஃப் தோ' என்று கேளுங்கள், ஜாடியில் தண்ணீர் வர வேண்டும். பாட்டில் வந்தால் மூடி திறக்கும் முன்பே திருப்பி அனுப்புங்கள். மீன், இறால் மாதிரி எடை போட்டு விற்கும் எதையும், மொத்த விலையைத் தாளில் எழுதித் தரச் சொல்லாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதோடு முடியவில்லை. கார்டு இயந்திரத்தை நீட்டும்போது அதில் 15 சதவீத டிப்ஸைப் பரிமாறியவரே அழுத்தி வைத்திருந்தார். கேட்டதற்கு, சர்வீஸ் சேர்க்கவில்லை என்று கூசாமல் சொன்னார். பிரான்சில் மெனு விலையிலேயே சேவைக் கட்டணம் அடக்கம், அதுதான் சட்டம். டிப்ஸ் நம் விருப்பம் மட்டுமே. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அம்மாதான் பயந்துபோய், "வேண்டாம்ப்பா, கொடுத்துட்டு வா, ஊர் தெரியாத இடத்துல சண்டை எதுக்கு" என்று கையைப் பிடித்தார். வெளியூர்க்காரர்களின் இந்தப் பயம்தான் இவர்களுக்கு வருமானம். கடைசியில் 166.75 யூரோ போனது. அதையும் யூரோவில் எடுக்காமல், என்னைக் கேட்காமலே ரூபாய்க்கு மாற்றி எடுத்திருக்கிறார். அந்த மாற்று விகிதம் நம் வங்கி தருவதைவிடப் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும். எந்த நாணயத்தில் கட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்குத்தான். இயந்திரத்தை உங்கள் கையில் வாங்கி, யூரோவை நீங்களே அழுத்துங்கள்.

கடற்கரையிலும் ஒரு தகராறு. படுத்து வெயில் காய தனியார் வாடகைக்கு விடும் மெத்தைகள் போட்டிருந்த பகுதியில், அலை வந்து போகும் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். அம்மா கால் நனைத்துக்கொண்டு நின்றார். ஒரு ஊழியர் வந்து, இது தனியார் இடம், மெத்தையை வாடகைக்கு எடுங்கள், இல்லையென்றால் கிளம்புங்கள் என்றார். இது பொய். கடல் ஓரத்தில் பொதுமக்கள் நடக்கவும் நிற்கவும் போதுமான அகலத்தை எல்லா இடத்திலும் விட்டுவைக்க வேண்டும் என்பது பிரான்சின் சட்டம். தனியாருக்குக் கொடுத்திருப்பது குத்தகை மட்டும்தான், கரை பொதுச்சொத்து. இயற்கையான கடற்கரை என்றால் 80 சதவீதமும், மணல் கொட்டி உருவாக்கியது என்றால் பாதியும் குத்தகைக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்று 2006-இல் ஆணையே போட்டிருக்கிறார்கள். வயதான பெண்மணியைத் தண்ணீரை விட்டு விரட்ட யாருக்கும் அங்கே அதிகாரம் இல்லை.

இலவசக் கடற்கரைகள் தாராளமாக இருக்கின்றன. விழா அரங்கத்தை ஒட்டியே மாசே கடற்கரை, துறைமுகத்துக்கு மேற்கே மிடி கடற்கரை. துண்டை விரித்து உட்கார ஒரு காசு வேண்டாம். எங்களுக்கு அந்த ஊரில் நிம்மதியாகப் போன நேரம் மிடி கடற்கரையில்தான். சாப்பாட்டுக்கு ஃபோர்வில் சந்தையில் பழம், ரொட்டி, சீஸ் வாங்கிக்கொள்ளலாம். திங்கட்கிழமை மட்டும் அங்கே காய்கறிக்குப் பதில் பழைய பொருட்கள் விற்பார்கள்.

தங்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் பதிவு செய்த வீட்டின் உரிமையாளர், சுற்றுலா வரி என்று சாவி கொடுக்கும்போது ரொக்கமாகக் கேட்டார். அந்த வரி ரசீதிலேயே ஏற்கெனவே பிடித்திருந்தது. ரசீதைக் காட்டியதும் சரி சரி என்று விட்டுவிட்டார். கானில்தான் தங்க வேண்டும் என்றும் இல்லை. பக்கத்து ஊர்களான நீஸிலோ ஆந்தீபிலோ தங்கிக்கொண்டு ரயிலில் வந்து போகலாம், நீஸிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். மே மாதம் திரைப்பட விழா, ஜூனில் விளம்பரத் துறை விழா. அந்த நாட்களில் அறை வாடகை பக்கத்தில் போக முடியாது.

உணவகத்தின் மீது புகார் கொடுத்திருக்கிறேன். 25 யூரோவுக்கு மேலான சேவைக்கு விவரமான பில் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால், கிளம்பும் முன் அதைக் கேட்டு வாங்கினேன். முதலில் கார்டு சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். பிரெஞ்சு அரசின் 'சிக்னல் கோன்சோ' தளத்தில் பில்லின் படத்தோடு பதிவு செய்தேன். கேட்காமல் ரூபாயில் எடுத்ததற்காக வங்கியிலும் தனியாக முறையிட்டேன். உணவகத்திடமிருந்து இன்று வரை ஒரு பதிலும் இல்லை. வங்கி விசாரிக்கிறது. இதே மாதிரி பில் உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், நீங்களும் புகாரைப் பதியுங்கள்.