மாடியில் ஒரு ஓல்டு டிராஃபோர்டு: 50 ரூபாய் இருக்கையும் 15-ஆம் இடமும்

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. "பேர் கீர் போட்டுடாத தம்பி, இருக்கிற நாற்காலியே பத்தல" என்று பாய் கேட்டுக்கொண்டார். சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் லாட்ஜுகள் நெருக்கியடித்து நிற்கும் சந்துகளில் ஒன்று. கீழே டீக்கடை, மேலே மொட்டை மாடி, மாடியில் வெள்ளையடித்த சுவர், எதிரே ஒரு புரொஜெக்டர். வேலூரில் கால்பந்து பார்க்கிறவர்களுக்கு இவ்வளவு போதும், விசாரித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஐ.பி.எல். நடக்கும்போதுகூட இங்கே கிரிக்கெட் போட மாட்டார்கள். அதற்கே தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

2024-25 சீசனில் ஆளுக்கு 50 ரூபாய், ஒரு டீ அதில் அடக்கம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் (ஓல்டு டிராஃபோர்டு இவர்களின் மைதானம்) அந்த சீசனில் ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை நான் இங்கேதான் பார்த்தேன். அதனால் கடையைப் பற்றி மட்டும் தனியாக எழுத வரவில்லை. ஓட்டல் நன்றாக இருந்து சோறு வேகாமல் வந்தால் அதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்?

கடையில் குறை சொல்ல அதிகம் இல்லை. டீ நன்றாக இருக்கும், சர்க்கரை மட்டும் தூக்கல், முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இடைவேளைக்குக் கைமா சமோசா சுடச்சுட வரும். ஒரு தட்டுக்கு இரண்டு. பரோட்டா, சால்னா பத்தரையோடு சரி. ஞாயிற்றுக்கிழமை சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் உண்டு, ஆனால் ஆட்டம் 9 மணிக்கு என்றால் அதற்குள் தீர்ந்திருக்கும். நாற்காலிகள் பிளாஸ்டிக். வெயில் காலத்தில் தரை நடுராத்திரி வரை கொதிக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார நினைக்காதீர்கள். படியில் விளக்கு கிடையாது, போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும்.

முக்கியமான விதி ஒன்று: இரவு 11 மணிக்கு மேல் சத்தம் கிடையாது. ஸ்பீக்கரை அணைத்துவிடுவார், நாமும் வாயைத் திறக்கக் கூடாது. நாலு பக்கமும் லாட்ஜ். உள்ளே ஆபரேஷன் முடிந்தவர்களும், நாளைக் காலை ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் படுத்திருப்பார்கள். யாரும் இந்த விதியை மீறி நான் பார்த்ததில்லை. வி.ஐ.டி. பையன்கள்கூட அடக்கமாகவே இருப்பார்கள்.

கேட்டால் குறை மாதிரி இருக்கும், ஆனால் இந்தக் கடையின் பெரிய லாபமே அதுதான். வர்ணனை இல்லாமல், அவ்வளவு பெரிய சுவரில் ஆட்டத்தைப் பார்க்கும்போது வேறு விஷயங்கள் கண்ணில் படும். போனில் பார்த்தால் பந்து மட்டும்தான் தெரியும். இங்கே பந்து இல்லாத இடத்தில் யார் நிற்கிறார்கள், யார் நிற்கவில்லை என்பது தெரியும். யுனைடெட்டின் வியாதி எல்லாம் பந்து இல்லாத இடத்தில்தான் இருந்தது.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரீமியர் லீக்கில் 38 ஆட்டம், 18 தோல்வி, 42 புள்ளி, 20 அணிகளில் 15-ஆம் இடம். அடித்தது 44 கோல், வாங்கியது 54. ஸ்ட்ரைக்கர், அதாவது முன்னால் நின்று கோல் அடிக்க வேண்டியவர்கள் என்று இருந்த இருவரில் ஹொய்லுண்ட் லீக்கில் 4, சிர்க்ஸி 3. லிவர்பூலில் சாலா ஒருவரே 29. சமூக வலைத்தளங்களில் இதைப் பார்த்துவிட்டு ஒரு கூட்டம் "ஸ்ட்ரைக்கர் சரியில்லை" என்றது, இன்னொரு கூட்டம் "கோல்கீப்பர் ஒனானாவைத் துரத்து, டிஃபென்ஸை மாற்று" என்றது. ஹொய்லுண்ட் பொன்னான வாய்ப்புகளை வீணடித்தார், ஒனானா கையில் வந்ததை நழுவவிட்டார், இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் இரண்டு வியாதி என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். திரும்பி வரும் ஜோடிகளை எடுத்துப் பார்த்தால் மேல்தோலும் நன்றாக இருக்கும், சோலும் நன்றாக இருக்கும். இரண்டும் ஒட்டுகிற விளிம்பில் வாய் திறந்திருக்கும். யுனைடெட் அப்படித்தான் பிரிந்துகொண்டிருந்தது. முன்னால் இருக்கிறவர்களுக்கும் பின்னால் இருக்கிறவர்களுக்கும் நடுவில் இரண்டே பேர்.

2024 நவம்பரில் டென் ஹாக் இடத்துக்கு வந்த பயிற்சியாளர் ருபென் அமோரிம், பின்னால் மூன்று, நடுவில் நான்கு, முன்னால் மூன்று என்று ஆடவைத்தார். நடுவில் நான்கு என்பது எழுத்தில்தான். அதில் இருவர் ஓரத்தில் ஓடும் விங்பேக்குகள். உள்ளே மிச்சம் இரண்டு பேர். எதிரணி மூன்று பேரை வைத்தால் ஒருவன் எப்போதும் சும்மா நிற்பான், அவனிடம் பந்து போகும்.

டிசம்பர் 30, நியூகாசில் ஆட்டம். நமக்கு 31-ஆம் தேதி விடியற்காலை ஒன்றரை மணி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்த்தோம். நடுவில் அந்தப் பக்கம் குய்மரேஸ், டொனாலி, ஜோலின்டன். இந்தப் பக்கம் கசெமிரோவும் எரிக்சனும். இரண்டு பேருமே முப்பதைத் தாண்டியவர்கள், ஒருகாலத்தில் பெரிய ஆட்டக்காரர்கள். பந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதற்குள் இவர்கள் பாதி தூரம்தான் வந்திருப்பார்கள். 4-ஆம் நிமிடம் இசாக், 19-ஆம் நிமிடம் ஜோலின்டன், இரண்டுமே ஓரத்திலிருந்து வந்த கிராஸில் தலையால் அடித்த கோல். 33-ஆம் நிமிடத்தில் அமோரிம் சிர்க்ஸியை வெளியே எடுத்து மெய்னூவை உள்ளே விட்டார். அதாவது, நடுவில் ஆள் போதவில்லை என்று ஸ்ட்ரைக்கரைக் கழித்தார். சொந்த மைதானத்து ரசிகர்களே கைதட்டி சிர்க்ஸியை அனுப்பிவைத்தார்கள். கோல் வாங்குவதை நிறுத்த, கோல் அடிக்கிறவனைத் தூக்க வேண்டியிருந்தது. இதற்கு மேல் எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

அட்டாக் பக்கம் வந்தாலும் கதை அதே இடத்தில்தான் முடியும். இதை எனக்குக் காட்டியது ஒரு வங்காளத்துப் பெரியவர். மனைவியைச் சி.எம்.சி.யில் சேர்த்துவிட்டு லாட்ஜில் தங்கியிருந்தவர், தூக்கம் வராமல் மாடிக்கு வருவார். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி ரசிகர். எனக்கு இந்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் "சாப்பாடு", "எவ்வளவு" அளவுக்கு. ஆனாலும் புரிந்தது. சுவருக்குப் பக்கத்தில் போய் டலோட்டை விரலால் காட்டினார். டலோட் வலதுகால் ஆட்டக்காரர், அவரைப் பல ஆட்டங்களில் இடது ஓரத்தில் விட்டிருந்தார்கள். பந்து வரும். இடதுகாலால் உடனே கோலுக்கு முன்னால் இருக்கும் பாக்ஸுக்குள் போட்டால் ஹொய்லுண்ட் ஓடுகிற ஓட்டத்துக்குச் சரியாக இருக்கும். டலோட் நின்று, பந்தை வலதுகாலுக்கு மாற்றுவார். அந்த ஒரு நொடியில் ஹொய்லுண்ட் நின்றுவிடுவார், எதிரணி டிஃபெண்டர்கள் திரும்பி நிமிர்ந்துவிடுவார்கள். பந்து மறுபடி பின்னால். "தேகோ தாதா" (பாருங்க அண்ணே) என்பார் பெரியவர், அடுத்த முறையும் அதேதான் நடக்கும்.

சரி, கோல்தான் வரவில்லை, போகட்டும் என்று விடவும் முடியாது. பந்து பின்னால் வரும் வழியில் பறிபோகும். டலோட் மேலே நிற்கிறார், அவர் விட்ட இடம் காலி. அதை மூட மூன்று டிஃபெண்டர்களில் ஒருவர் ஓரத்துக்கு ஓட வேண்டும், நடுவில் இருக்கிற இருவரும் ஏற்கெனவே தாண்டப்பட்டிருப்பார்கள். பிப்ரவரியில் லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ் முழங்காலில் அடிபட்டுப் போன பிறகு, அந்த இடத்திலிருந்து நிதானமாகப் பந்தை எடுத்து முன்னால் கொடுக்கவும் ஆள் இல்லை. பிப்ரவரி தொடக்கத்தில்தான் இத்தாலியின் லெச்சேயிலிருந்து இடதுகால்காரர் டோர்குவை வாங்கினார்கள். அதற்குள் சீசனில் பாதி போய்விட்டது.

கேப்டன் புரூனோ ஃபெர்னாண்டஸைப் பற்றி ஒரு வார்த்தை. அவரைத் திட்டுகிறவர்கள் இந்த மாடியில் என் பக்கத்தில் உட்கார வேண்டாம். லீக்கில் 8 கோல். நடு இருவரில் ஒருவராக நிற்கச் சொன்னாலும் நிற்பார், முன்னால் போகச் சொன்னாலும் போவார். அமாத் டியாலோவும் 8 அடித்தார். சவுத்ஹாம்ப்டனோடு கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் மூன்று. அவரும் பிப்ரவரியில் கணுக்கால் அடிபட்டு உட்கார்ந்தார்.

"நீங்க கோல் போட்டா சமோசா ஃப்ரீன்னு போர்டு வெச்சிருக்கலாம், எனக்கு நஷ்டமே வந்திருக்காது போல கீதே" என்று பாய் ஒருநாள் சொன்னார். அவர் லிவர்பூல் கட்சி. அந்த வருஷம் பிரீமியர் லீக் கோப்பை அவர்களுக்குத்தான், பேசாமல் என்ன செய்வார்.

கடையின் ஒரு குறையை மறந்துவிட்டேன். வலது ஓரத்தில் உட்கார்ந்தால் கறுப்புத் தண்ணீர் டேங்க் ஒன்று திரையின் இடது மூலையை மறைக்கும், கார்னர் கொடி தெரியாது. மற்ற அணி ரசிகர்களுக்கு இது தொந்தரவு. எங்களுக்கு வசதி. டிசம்பர் 4-ஆம் தேதி ஆர்சனல் எங்களுக்கு அடித்த இரண்டு கோலும் கார்னரில். மூன்று நாள் கழித்து ஃபாரஸ்ட் ஆட்டத்தில் இரண்டாவது நிமிடமே கார்னர் கோல். 19-ஆம் தேதி லீக் கோப்பையில் டாட்டன்ஹாமின் சோன் கார்னரிலிருந்தே நேராக வலைக்குள் போட்டார். சரி, வாழ்நாளில் ஒருமுறை நடப்பது என்று விட்டோம். ஒரு வாரம் கழித்து, 26-ஆம் தேதி, உல்வ்ஸின் குன்யா அதையே செய்தார். கோல்கீப்பர்கூட வேறு ஆள். முன்னதில் பயிந்திர், பின்னதில் ஒனானா. அந்த மாதத்தில் வலது ஓர நாற்காலிகளுக்கு எங்கள் ஆட்களிடையே போட்டி.

நல்லதையும் எழுத வேண்டும். ஏப்ரல் 17, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக், எதிரில் பிரான்சின் லியோன். நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. 2-0 என்று முன்னிலையில் இருந்து 2-2, கூடுதல் நேரத்தில் 2-4. பத்து பேரோடு ஆடிய அணியிடம். பாதிப் பேர் படியிறங்கிவிட்டார்கள். 114-ஆம் நிமிடம் புரூனோ பெனால்டி, 120-ல் மெய்னூ, 121-ல் மகுவையர் தலையால் முட்டி 5-4. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. கத்தக் கூடாது. ஒரு பையன் துண்டை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். இன்னொருவர் டேங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் பாயின் தோளை எவ்வளவு அழுத்தினேன் என்று மறுநாள் அவர் சட்டையை விலக்கிக் காட்டினார். எதிர் லாட்ஜில் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. அந்த இரவுக்கு மட்டும் 50 ரூபாய் அநியாயத்துக்குக் குறைவு.

ஆனால் அந்த ஆட்டத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். கோல் வேண்டுமென்றதும் டிஃபெண்டர் மகுவையரைத்தான் ஸ்ட்ரைக்கர் இடத்துக்கு அனுப்பினார்கள்.

மே 21, ஸ்பெயினின் பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம். இங்கே அக்னி நட்சத்திரம், ராத்திரி பன்னிரண்டரைக்கும் சுவர் அனல் அடித்தது. எதிரில் லீக்கில் 17-ஆம் இடத்தில் முடித்த டாட்டன்ஹாம். 42-ஆம் நிமிடம் பிரென்னன் ஜான்சன், யார் காலில் பட்டு உள்ளே போனது என்றே தெரியாத ஒரு கோல். அப்புறம் அவர்கள் மொத்தமாகப் பின்னால் இறங்கி நின்றார்கள், நாங்கள் ஓரத்துக்கும் நடுவுக்குமாகப் பந்தை உருட்டிக்கொண்டிருந்தோம். ஹொய்லுண்ட் தலையால் அடித்த ஒன்றை வான் டி வென் கோட்டிலிருந்து பறந்து எடுத்தார். அவ்வளவுதான். பாய் ஒரு ஜக்கில் மோர் கொண்டுவந்து வைத்தார், காசு கேட்கவில்லை.

கடைக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். படிக்கு விளக்குப் போட்டால் நாலரை. அணிக்கு ஒன்றரை, அதில் ஒன்று புரூனோவுக்கு.

2025-26 சீசனுக்கு அதே குன்யாவை வாங்கினார்கள். முன்னால் ஆள் சேர்ப்பது நல்லதுதான், ஆனால் நடுவில் மூன்றாவது ஆள் எங்கே என்று யாராவது அமோரிமைக் கேட்டிருந்தால் தேவலை. பாய் நுழைவை 60 ரூபாய் ஆக்கப் போவதாக அப்போது சொன்னார். கூடவே, வாடிக்கையாளர் குறை கேட்டு டேங்கை மாடியின் பின்பக்கத்துக்கு நகர்த்தப் போவதாகவும் சொன்னார். அந்த சீசனின் முதல் ஆட்டம் 2025 ஆகஸ்ட் 17, ஞாயிறு, இரவு 9 மணி, ஆர்சனலோடு. அது முடியும் வரை டேங்க் அங்கேயே இருக்கட்டும் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டுக்கொண்டோம்.