வாழைமர நோட்டா, பேர் போட்ட பதக்கமா?

ஏழு வருஷமாகச் சேர்த்த ஜப்பான் நோட்டு ஆல்பத்தைப் போன மாசம் விற்றுவிட்டேன். ஒரே ஒரு நோட்டை மட்டும் கொடுக்கவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். வந்த பணம் இரண்டு பதக்கத்துக்குக்கூடக் காணவில்லை. ஆனாலும் வருத்தம் இல்லை.

போர்க்காலப் பொருள் சேர்க்க ஆசைப்படுகிற நம் ஊர்க்காரருக்குக் கைக்கு எட்டும் விலையில் இருப்பது முக்கியமாக இந்த இரண்டுதான். மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் அச்சடித்துத் தள்ளிய வாழைமர நோட்டு ஒன்று. வெள்ளைக்காரன் படையில் இருந்த நம் ஆட்களுக்குக் கிடைத்த போர்ப் பதக்கம் இன்னொன்று. நான் எந்தப் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

நோட்டில் இறங்குவது சுலபம். நூறு, இருநூறு ரூபாய்க்கே நல்லதாகக் கிடைக்கும், ஒரு கவரில் ஐம்பது நோட்டு அடங்கும். 1942 முதல் 1945 வரை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புழங்கிய பணம் இது. பத்து டாலர் நோட்டில் வாழைமரம் தாரோடு நிற்கும், அதனால்தான் மொத்த வரிசைக்கும் அந்தப் பேர். நோட்டில் உள்ள குறியீடு 'எம்' என்று ஆரம்பித்தால் மலாயா, 'பி' என்றால் பர்மா. முதலில் வந்தவற்றில் வரிசை எண் இருந்தது, பிறகு எண்ணே இல்லாமல் வெறும் எழுத்துதான். எத்தனை அடித்தோம் என்று எண்ணிப் பார்க்கக்கூட மனசில்லாத பணம்! எண் போட்ட நோட்டுக்குத்தான் இன்றைக்குச் சந்தையில் மதிப்பு. மற்றவை ஒன்றுக்கொன்று அச்சு அசல்.

வரலாறு இல்லாமல் இல்லை. மலாயாவில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்களிடம் போருக்கு முன்பு நல்ல டாலரில் கடன் வாங்கியவர்கள், ஜப்பான்காரன் காலத்தில் இந்தக் காகிதத்தைக் கொடுத்துக் கடனை அடைத்தார்கள். 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் நோட்டு செல்லாக்காசு. அந்த அடைப்பு செல்லுமா செல்லாதா என்ற தகராறைத் தீர்க்க 1948-இல் மலாயாவில் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. செட்டிநாட்டுப் பக்கம் பழைய பெட்டிகளில் இந்த நோட்டு கிடைத்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் கையில் இருக்கிற நோட்டு யாருடையது? அதைச் சொல்ல வழியே கிடையாது. எனக்கு இதுதான் கடைசியில் உறுத்தியது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய பூட்டுகளுக்கு நடுவே கறுத்துப்போன ஒரு வட்டம் கிடந்தது. இறக்கை விரித்த பெண் உருவம் தெரிந்தது. "பூஜை ரூம் சாமான்ல வந்துச்சு தம்பி, பித்தளைதான்" என்றார் கடைக்காரர். பித்தளை இல்லை, வெண்கலம். 1914-1919 என்று பின்பக்கம் எழுதியிருக்கும் வெற்றிப் பதக்கம். விளிம்பைத் திருப்பி செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். ஒரு எண், அடுத்து 'எஸ்பிஆர்', அதாவது சாப்பர், பாலமும் பாதையும் போடும் பொறியாளர் படைச் சிப்பாய். அடுத்து பேர். முன்பாதி தேய்ந்து, 'சாமி' மட்டும் நின்றது. கடைசியில் '2 க்யூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.' விக்டோரியா மகாராணியின் பேர் தாங்கிய இரண்டாவது சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். நாம் மதராஸ் சாப்பர்ஸ் என்று சொல்லும் பெங்களூர்ப் படை. அந்தப் படைக்காரர்களை இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அரை வரி எழுத்துதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு எங்கெல்லாம் போக முடிகிறது! 1917 பிப்ரவரி 23 அன்று மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) ஷும்ரான் வளைவில் டைக்ரிஸ் ஆற்றைக் கடந்தபோது, குண்டு மழைக்கு நடுவில் படகு வலித்தவர்களில் மதராஸ் சாப்பர்களும் உண்டு. என் 'சாமி' அங்கே இருந்தாரா என்று சொல்ல மாட்டேன், பதக்கம் அதைச் சொல்லவில்லை. ஆனால் தேடுவதற்கு ஓர் ஆள் இருக்கிறார். போரில் இறந்தவராக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் எண்ணை வைத்தே தேடலாம்.

இன்னொன்று. வெற்றிப் பதக்கத்தை யாருக்கும் தனியாகக் கொடுத்ததில்லை. அதை வாங்கியவர் 'பிரிட்டிஷ் போர்ப் பதக்கம்' என்ற இன்னொன்றையும் சேர்த்தே வாங்கியிருப்பார். அது வெள்ளி. ஏறக்குறைய நாலு பவுன் எடை. எனக்குக் கிடைத்த ஐந்தில் நாலு, ஜோடி இல்லாத வெண்கலம்தான். வெள்ளி எங்கே போயிருக்கும் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்: அடகுக் கடை, அப்புறம் கொலுசு. 1980-இல் வெள்ளி விலை எகிறியபோது இங்கிலாந்திலேயே மூட்டை மூட்டையாக உருக்கினார்களாம், நம்மைச் சொல்லிக் குற்றமில்லை. சண்டைக்கு இல்லாமல் கூலி வேலைக்கென்று தொழிலாளர் படையில் போன இந்தியர்களுக்கு அதே போர்ப் பதக்கத்தை வெள்ளியில் கொடுக்காமல் வெண்கலத்தில் அடித்துக் கொடுத்தார்கள். சாவுக்குப் பாகுபாடு இல்லை, உலோகத்துக்கு இருந்தது. உருக்கினால் காசு வராது என்பதாலேயே அந்த வெண்கலம் தப்பியிருக்கும்.

இரண்டாம் உலகப் போரின் நட்சத்திர வடிவப் பதக்கங்களிலும் இப்படி ஒரு விசேஷம் உண்டு. பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கொடுத்த பர்மா நட்சத்திரத்தின் முதுகு வெறுமையாக இருக்கும். இந்தியர்களுக்குக் கொடுத்ததில் எண்ணும் பேரும் பதித்திருக்கும். வெள்ளைக்காரன் பதக்கத்தில் நம் ஆளுக்குக் கூடுதலாகக் கிடைத்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

பராமரிப்புக்கு வருவோம். இங்கேதான் பேருக்கு ஆபத்து. நோட்டுக்கு எதிரி சென்னைக் காற்று. மலிவு பிளாஸ்டிக் உறையில் வைத்த என் ஐந்து டாலர் நோட்டு இரண்டு ஆடி மாசத்துக்குள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது தென்னைமரம் பாதியாகிவிட்டது. வெள்ளிமீன் பூச்சி தின்றது தனிக் கணக்கு. காற்று பட்டால் பதக்கம் கறுக்கும், ஆனால் பேர் போகாது. பேரைக் கெடுப்பது நம் பாசம். வெள்ளியை விபூதி போட்டு, வெண்கலத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது நம் கைக்கு வந்த பழக்கம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை எடுத்துத் தேய்த்து, குங்குமம் வைத்து, மறுபடி உள்ளே வைத்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தரம், அறுபது வருஷம். 'சாமி'க்கு முன்னால் இருந்த எழுத்துகள் போனது இப்படித்தான் என்று நினைக்கிறேன். என் அத்தைகூட அதைப் பார்த்ததும், "கொடுடா, புளி போட்டு நிமிஷத்துல பளபளன்னு ஆக்கித் தர்றேன்" என்று கை நீட்டினார். பிடுங்கி வைத்துக்கொண்டேன். கறுப்பாகவே இருக்கட்டும். பஞ்சுத் துணியில் சுற்றி ஈரம் உறிஞ்சும் ஒரு சிலிக்கா பொட்டலத்தோடு வைத்தால் போதும்.

வாங்கும்போது விளிம்பைத்தான் பார்க்க வேண்டும், முகத்தைப் பார்ப்பது அப்புறம். அச்சால் அழுத்திய அசல் எழுத்து ஒரே ஆழத்தில் இருக்கும். பின்னால் யாரோ கையால் கீறிய எழுத்து ஏறி இறங்கும். பழைய பேரை அராவிவிட்டு வேறு பேர் போட்டிருந்தால் அந்த இடத்தில் விளிம்பு லேசாகக் குழிந்திருக்கும், நகத்தால் தடவினாலே பிடிபடும். வீரத்துக்காகக் கொடுத்த பெரிய பதக்கம் எதையும் நான் வாங்கியதில்லை, அந்த விலைக்கு என் சம்பளம் தாங்காது. அதனால் அந்தப் பக்கம் யோசனை சொல்ல நான் ஆள் இல்லை.

விற்பனையில் நோட்டு ஜெயிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய இப்படிப்பட்ட பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. முதல் உலகப் போர்ப் பதக்கம் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டது. பேர் போட்ட பதக்கத்துக்கு நல்ல விலை கொடுப்பவர்கள் இருப்பது இங்கிலாந்தில். நாம் விற்க முடிவது உள்ளூரில். வியாபாரமாகவே செய்வதென்றால் உரிமமும் வேண்டும். நான் இதுவரை விற்றது இரண்டே பதக்கம், இரண்டும் வாங்கிய விலைக்கே. லாபம் பார்க்க நினைப்பவர்கள் எண் போட்ட நோட்டைத் தேடிப் போகலாம்.

நேதாஜி படைப் பொருள் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆசை எனக்கும் உண்டு, ஆனால் போலிகள் மலிந்த இடம். வைத்திருந்தவர் குடும்பத்திடமிருந்து நேராகக் கைக்கு வந்தாலொழியத் தொடுவதில்லை.

நான் விற்காமல் வைத்திருக்கும் நோட்டு பத்து டாலர். வாழைமரம்தான், எண் இல்லாத மலிவு ரகம், ஓரம் கிழிந்தது. ஆனால் பின்பக்கம் பென்சிலால் தமிழில் கணக்கு எழுதியிருக்கிறது ('கட்டி' என்பது மலாயா எடை). "அரிசி 2 கட்டி. உப்பு. மண்ணெண்ணெய்." மண்ணெண்ணெய்க்கு மேலே மட்டும் ஒரு கோடு கிழித்து அடித்திருக்கிறது.