ஆமணக்கு எண்ணெய் ரெசின்: பாதிதான் செடியிலிருந்து

மேசைப் பலகை ஒன்றின் மேற்பூச்சுக்காக, ஆமணக்கு எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட பாலியூரிதேன் ரெசினை (பூசியபின் இறுகிப் படலமாகும் திரவப் பிசின்) வாங்கிப் பயன்படுத்தினேன். ஒரு டப்பாவில் எண்ணெயும் மற்றொன்றில் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் வருகின்றன. முகப்பில் ‘தாவர எண்ணெயால் ஆனது’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தாலும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தால்தான் முழு விவரமும் தெரிகிறது. (இந்தப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு கிடைக்காது.)

ஆமணக்கு எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். அதன் 12ஆவது கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி (வினைபுரியக்கூடிய OH பகுதி) இயற்கையாகவே அமைந்திருப்பதால், சோயா எண்ணெயைப் போல முதலில் ஆக்சிஜன் சேர்த்து எபாக்சைடாக்கிப் பிறகு மாற்றியமைக்கும் வேலை இதற்குத் தேவையில்லை; ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளுடன் நேரடியாக வினைபுரிந்து, வலைப்பின்னலாக இறுகிவிடுகிறது. ஆனால் அந்த ஐசோசயனேட் பெட்ரோலியத்திலிருந்து வந்தது. நைலான் 11 என்ற பிளாஸ்டிக்கைப் போல முழுச் சங்கிலியும் ஆமணக்கிலிருந்தே கிடைக்கும் பாலிமர் அன்று இது. முகப்பில் அதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் எனக்கு மனக்குறை இருந்திருக்காது.

பூச்சின் தரத்தில் குறை சொல்வதற்கில்லை. கலவை தேன்போல் நிதானமாகப் பரவி, தூரிகைத் தடம் தெரியாமல் சமமாகிறது. இறுகிய பிறகு நகத்தால் அழுத்தினால் சிறிது பள்ளம் விழுந்து, சற்று நேரத்தில் மறைந்துவிடுகிறது. கண்ணாடி போன்ற கடினத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது. எண்ணெயின் நீண்ட கார்பன் சங்கிலிகள் நீரை ஒட்டவிடாததால், சிந்திய தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது.

எனக்குத் தொல்லை கொடுத்தது ஒரே ஒரு மூலை. முதல் நாள் கழுவிய பலகை அங்கு முழுமையாகக் காயவில்லை. மறுநாள் பார்த்தபோது குண்டூசித் தலை அளவில் குமிழிகள் வரிசையாக எழும்பியிருந்தன. ஐசோசயனேட் ஈரத்துடன் சேர்ந்தால் கரியமில வாயு வெளிப்படும் என்பதை, ‘உலர்ந்த பரப்பில் பூசவும்’ என்ற இரண்டே வரிக் குறிப்பு விளக்கவில்லை. கையுறையும் நல்ல காற்றோட்டமும் கட்டாயம் தேவை என்பதும் மிகச் சிறிய எழுத்திலேயே இருக்கிறது. செடியிலிருந்து வந்தது என்று நம்பி அலட்சியமாகக் கையாள்பவர்களுக்கு அதுவே ஆபத்து.

வீட்டுக்குள் பயன்படும் மரப்பொருள்களுக்கு மீண்டும் வாங்குவேன், ஆனால் தேவைக்கேற்ற சிறிய அளவில்தான். சரியாக மூடாமல் வைத்த ஹார்டனர் இரண்டு வாரத்தில் தோல் கட்டிவிட்டது; எண்ணெய் டப்பா மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.