ஃபுல் ஆக்சஸ் கேட்கும் தமிழ்–மலையாளம் கீபோர்டு: கொடுக்கலாமா?

பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் தேங்காய்க் களம் வைத்திருக்கும் நண்பரின் கேள்விக்குப் பதில் இது. பொள்ளாச்சி வியாபாரிக்குத் தமிழிலும் பாலக்காட்டு லாரிக்காரருக்கு மலையாளத்திலும் மெசேஜ் போடவேண்டியவர். இரண்டுக்கும் ஒரே கீபோர்டு என்று ஐபோனில் ஏற்றிவிட்டு, "ஃபுல் ஆக்சஸ் கேக்குதுங்க, குடுக்கலாமா?" என்கிறார். கீபோர்டு ஆப்புக்கு இணையம் முதலியவற்றைத் திறந்துவிடும் அனுமதி அது.

வேண்டாம். கொடுக்காமலே தட்டச்சும் சொல் பரிந்துரையும் ஓடும்.

செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, கீபோர்ட்ஸ் போய் 'ஆட் நியூ கீபோர்டு'. சேர்த்தபின் பட்டியலில் அதன் பெயரைத் தொட்டால் 'அலோ ஃபுல் ஆக்சஸ்' சுவிட்ச் இருக்கும். அணைந்தே இருக்கட்டும். இழப்பது இவை: இணையம், கிளிப்போர்டு (காப்பி செய்துவைத்தது), விசை அதிர்வு, கற்றுக்கொண்ட சொற்களை ஆப்புக்கு அனுப்பும் வசதி. கடைசியதுதான் வலிக்கும், ஆப்பை அழித்தால் அந்தச் சொற்களும் போச்சு.

எரிச்சலும் இங்கேதான். விரலுக்குக் கொஞ்சம் அதிர்வு வேண்டுமென்றால் இணையத்தையும் சேர்த்துத் திறந்துவிட வேண்டும்; எல்லாவற்றுக்கும் ஒரே சுவிட்ச். இதை விளக்காமல், திறக்கும்போதெல்லாம் மஞ்சள் பட்டை போட்டு 'முழு அனுபவம் பெறுங்கள்' என்று நச்சரிக்கிறது இந்த ஆப். அனுபவமாம்!

பாஸ்வேர்டு கட்டத்தில் ஐபோன் தன் சொந்தக் கீபோர்டைத்தான் கொண்டுவரும், அது பழுதல்ல. சில வங்கி ஆப்புகள் இப்படி ஆப்பாக ஏற்றிய வெளிக் கீபோர்டையே தடுத்துவிடும். ஆனால் வாட்ஸ்ஆப்பில் அடிக்கும் கணக்கு எண்ணுக்கு அந்தக் காப்பு கிடையாது. மைக் பொத்தானையும் நம்பவேண்டாம். ஃபுல் ஆக்சஸ் கொடுத்தாலும் வெளிக் கீபோர்டுக்கு மைக் கிடைக்காது.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு. செட்டிங்ஸில் கீபோர்டுக்குள் 'டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்' போய், 'கொழி' என்ற சுருக்கத்துக்கு மலையாளத்தில் ஊர்ப்பெயர் முழுவதையும் பதியுங்கள். ஃபுல் ஆக்சஸ் இல்லாமலே அதை இந்தக் கீபோர்டு எடுத்துப் பரிந்துரையில் காட்டுகிறது. உடனே வராவிட்டால் கீபோர்டை மூடித் திறக்கவும். லாரிக்காரர் பெயர், வண்டி எண், விலை சொல்லும் வாக்கியம் எல்லாம் இப்படியே பதியலாம். இவை போனிலேயே இருப்பதால் ஆப்பை அழித்தாலும் போகாது.

மலையாளச் சில்லெழுத்துகள் (உயிர் சேராத தனி மெய்கள்) ஒரே தட்டில் விழுவது இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. தமிழ்ப் பரிந்துரையும் நேர்த்தி. ஆனாலும் அந்த மஞ்சள் பட்டைக்காகவே இரண்டு நட்சத்திரம்தான்.