அப்பாவின் கைபேசியும் 40 நிமிடக் காத்திருப்பும்

அப்பாவின் தலைத் திவசத்துக்காக ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஸ்ரீரங்கம் வந்திருந்தேன். காரியங்கள் எல்லாம் குறைவின்றி நடந்தன. அவற்றைப் பற்றி எழுத எதுவுமில்லை. எழுத வேண்டியது அப்பாவின் கைபேசியைப் பற்றித்தான். அவர் போன பிறகு அம்மா அதை அணைக்காமலேயே பீரோவில், அவருடைய வேட்டிகளுக்கு நடுவில் வைத்துவிட்டாள். 11 மாதங்கள் கழித்து எடுத்தபோது அதில் உயிரின் அறிகுறியே இல்லை. நான் ஜெர்மனியிலிருந்து பேசிய அழைப்புகளைப் பதிவு செய்து வைக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. அப்பாவின் குரல் வேறெங்கும் இல்லை என்பதால்தான் எனக்கு அவ்வளவு பதற்றம்.

முதலில் நான் கொண்டுவந்திருந்த ஜெர்மன் சார்ஜரில் மாட்டிப் பார்த்தேன். அதன் முனைகள் 4 மில்லிமீட்டர் தடிமன். நம் வீட்டுப் பழைய பிளக் பாயிண்டின் துளைகளோ 5 மில்லிமீட்டர் முனைகளுக்கானவை. உள்ளே போன சார்ஜர் ஆடிக்கொண்டே இருந்ததால், கரண்ட் ஒழுங்காக வரவில்லை என்று நினைத்தேன். அம்மா லோ வோல்டேஜ் என்றாள். இப்போதைய கைபேசி சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்றுக்கொள்பவை. ஆகவே அதுவும் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. அப்பாவின் பழைய சார்ஜரைத் தேடி எடுத்து மாட்டினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேபிளைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தேன். அப்படிச் செய்தது தவறு என்று மறுநாள்தான் புரிந்தது.

மறுநாள் காலை அந்தக் கைபேசி நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்குப் போனேன். டோக்கன் எடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து, என் முறை வந்தபோது, புகாரைப் பதிவு செய்ய வேண்டுமானால் உரிமையாளரின் எண்ணுக்கு வரும் ஓடிபியைச் சொல்ல வேண்டும் என்றார்கள். அந்த எண் உயிரற்றுக் கிடக்கும் அந்தக் கைபேசியில்தான் இருக்கிறது என்று மூன்று பேரிடம் விளக்கினேன். என் ஜெர்மன் எண்ணை அவர்களுடைய கணினி ஏற்கவில்லை; பத்து இலக்கங்கள்தான் வேண்டுமாம். கடைசியில் அம்மாவின் எண்ணைக் கொடுத்து, வீட்டுக்குப் போன் போட்டு, அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து ஓடிபியைப் படித்துச் சொன்ன பிறகே கைபேசியைக் கையில் வாங்கினார்கள். ஐந்து நிமிடம் சார்ஜரில் மாட்டிப் பார்த்துவிட்டு, "போர்டு டெட் சார், 7,800 ஆகும், உள்ளே இருக்கிற டேட்டா எல்லாம் போயிடும்" என்று அந்த இளைஞர் சொன்னார். அளந்து பார்க்காமல் அப்படி ஒரு தீர்ப்பைச் சொல்ல எப்படி மனம் வந்தது என்று இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துக் காவிரியைத் தாண்டி, சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு சந்தில் இருந்த ரிப்பேர் கடைக்குப் போனேன். ஆறடிக்கு நான்கடி இருக்கும் கடை. ஒரு மேசை, ஒரு ஸ்டூல், சுவர் முழுக்கப் பழைய டிஸ்ப்ளேக்கள். ஐம்பது வயதுள்ள அந்த அண்ணன் நான் சொன்னதையெல்லாம் முழுதும் கேட்டார். பிறகு கேபிளுக்கும் சார்ஜருக்கும் இடையில் விரல் அளவு மீட்டர் ஒன்றைப் பொருத்தினார். 5 வோல்ட் வருகிறது, ஆம்பியர் சுழி என்று காட்டியது. "உள்ளே ஏறவே இல்லை, முதல்ல வாசலைப் பார்ப்போம் சார்" என்று லென்ஸை எடுத்தார். சார்ஜிங் பின்னுக்குள், சட்டைப்பையின் பஞ்சும் சீவல் துகளும் இறுகி அடைத்திருந்தன. அப்பாவின் சட்டைப்பையில் கைபேசிக்குப் பக்கத்தில் எப்போதும் சீவல் பொட்டலம் இருக்கும்! பிளாஸ்டிக் குச்சியால் மெல்லக் கிளறி எடுத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷால் துடைத்து, காயவிட்டு மறுபடி மாட்டியபோது மீட்டர் 0.06 ஆம்பியர் என்றது. திரை இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது.

இனி தொடாமல் இருப்பதுதான் வேலை என்று அவர் விளக்கினார். லித்தியம் பேட்டரி ஏறத்தாழ 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், கைபேசியின் சார்ஜ் சுற்று பாதுகாப்புக்காகச் சொட்டுச் சொட்டாகத்தான் மின்சாரத்தை உள்ளே விடும்; அந்தச் சொட்டு திரையை எரிய வைக்கப் போதாது. வேக சார்ஜரும் அப்போது உதவாது, ஏனென்றால் அதோடு பேசி அதிக வோல்டேஜ் கேட்கக் கைபேசி இன்னும் விழித்திருக்காது. இடையில் கழற்றினால் ஏறிய கொஞ்சமும் இறங்கிவிடும். எவ்வளவு நேரமானாலும் மீட்டர் நகரவில்லை என்றால்தான் பின்பக்கத்தைத் திறந்து, டிசி மிஷினில், அதாவது வோல்டேஜையும் கரண்டையும் வேண்டிய அளவுக்கு வைத்துக் கொடுக்கும் பெட்டியில், கரண்டைக் கட்டுப்படுத்திக் கொடுத்துப் பார்ப்பாராம். 2 வோல்ட்டுக்கும் கீழே போன பேட்டரியை எழுப்பாமல் மாற்றிவிடுவாராம், அதை எழுப்புவது தீப்பிடிக்கக் காரணமாகலாம் என்றார்.

எதிரே டீ குடித்துவிட்டு வந்தேன். 40 நிமிடம் கழித்து மீட்டர் திடீரென்று 0.9-க்குத் தாவியது. பவர் பொத்தானையும் சத்தம் குறைக்கும் பொத்தானையும் சேர்த்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தார். நிறுவனத்தின் பெயர் திரையில் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கேட்டது 100 ரூபாய்.

ஸ்டுட்கார்ட்டில் இப்படி ஒரு கைபேசியை எடுத்துப்போனால், முன்பதிவு செய்து பத்து நாள் காத்திருந்து, பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்ற மின்னஞ்சலைத்தான் பெற்றிருப்பேன். அங்கே இந்தக் கைத்தொழில் நலிந்துபோனதால்தான், 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே முயற்சி எங்கள் பகுதி வரை பரவி, சனிக்கிழமைகளில் ஓய்வுபெற்றவர்கள் இலவசமாகப் பழுது பார்க்கிறார்கள். 2027 பிப்ரவரி முதல் பேட்டரியைப் பயனரே எளிதில் கழற்றும்படி சாதனங்களை விற்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டிருக்கிறது. அவர்கள் சட்டம் போட்டு மீட்கப் பார்ப்பது நம் சந்துகளில் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, அளக்காமலே போர்டை மாற்றச் சொல்லும் கண்ணாடிக் கதவுக் கடைகளை நோக்கி நாம் ஏன் போகிறோம்?

கைபேசியின் பூட்டைத் திறக்க விரலால் வரையும் பேட்டர்ன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கேபிளைக் கழற்றாமல், அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து 43 பதிவுகளையும் என் கைபேசிக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் எழுந்தேன். இவ்வளவு நாள் காலியாகக் கிடந்த பேட்டரி இனி நம்பகமானதல்ல, பின்மூடி உப்பினால் உடனே மாற்றிவிடுங்கள் என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். கிளம்புவதற்கு முன் பாதி சார்ஜில் அணைத்து அதே பீரோவில் வைத்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி பாதி ஏற்ற வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னதற்கு, பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் ஏற்றிவிடுகிறேன் என்றாள்.