பழைய ஆலயச் சுவருக்கு எந்தப் பூச்சு: சிமென்டா, சுண்ணாம்பா?

தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு காலத்தில், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. இப்படிப்பட்ட செங்கல், சுண்ணாம்புச் சுவரில் தரையிலிருந்து ஓதம் (ஈரம்) ஏறுவதை முழுக்க நிறுத்த முடியாது. ஏறிய ஈரம் வெளியேற வழிவிடுகிறதா என்பதை வைத்தே பூச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிமென்டுக்கு வேகம் உண்டு. ஒரு பங்கு சிமென்டுக்கு நான்கு பங்கு மணல் என்ற கலவையில் 12 மி.மீ. பூசி ஒரு வாரம் தண்ணீர் காட்டினால் முடிந்தது. ஆனால் ஈரம் பின்னால் அடைபட்டு, கடலோர உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகும். கரணைப் பிடியால் தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் கேட்கும். பெயர்த்தால் பூச்சின் முதுகில் செங்கலின் முகமே ஒட்டிக்கொண்டு வரும். மிச்சம் சிவப்பு மாவாக உதிரும். போன செங்கல் திரும்பாது.

நீற்றிய சுண்ணாம்பு நேரம் கேட்கும். சுண்ணாம்பை நீற்றிக் குறைந்தது மூன்று வாரம் தண்ணீருக்கடியில் வைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து அரைக்க வேண்டும். மணலில் ஒரு பங்கைச் செங்கல் தூளாக மாற்றினால் ஈர இடத்திலும் இறுகும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைப்பது நம் வழக்கம்; வெல்லம் கூடினால் இறுகத் தாமதமாகும். உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுங்கள். கழுவினால் உள்ளே இறங்கிவிடும். பிறகு செங்கல் இணைப்புகளை 20 மி.மீ. சுரண்டி, சுவரை நனைத்து, 10 மி.மீ.க்கு மிகாமல் அடுக்கடுக்காகப் பூச வேண்டும். வெயில் படாமல் ஈரச்சாக்கு கட்டாவிட்டால் மயிர்வெடிப்பு நிச்சயம்.

மூட்டையில் வரும் ஹைட்ராலிக் சுண்ணாம்பு தண்ணீரிலேயே இறுகும். அடிச்சுவர், கைப்பிடிச் சுவரின் தலைப்பு ஆகியவற்றுக்கு 3.5 தரம் ஏற்றது (எண் கூடினால் வலிமை கூடும்). 5 தரம் பழைய மென்செங்கலுக்குக் கடினம். பெரும்பாலும் இறக்குமதி என்பதால் விலை கடிக்கும். முழுச் சுவருக்கும் தேவையில்லை.

சுண்ணாம்பில் ஒரு சட்டி சிமென்ட் கலந்தால் என்ன என்று கொத்தனார்கள் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். சிறிதளவு சிமென்ட் சுண்ணாம்புக்கு முன்பே இறுகி, கலவையைப் பலவீனமாக்கும்.

மேலே அடிப்பதும் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட் பூசினால் ஈரம் வெளியேறும் வழி மறுபடி அடைபடும். ஏற்கெனவே உள்ள சிமென்டை இயந்திரச் சுத்தியல் இல்லாமல், பொள்ளலான இடத்திலிருந்து உளியால் எடுங்கள். செங்கலோடு இறுகப் பிடித்திருக்கும் பகுதியை இப்போதைக்குத் தொடாதீர்கள்.